கலி பவுசர் இழுக்கவில்லையா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மலக்குழியிலிருந்து கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் இழுக்காமல் நின்றால் பழி முதலில் பம்பின் மேல்தான் விழும். பம்பைக் கழற்றி, பிளேட் மாற்றி, பல நாள் ஓட்டத்தை இழந்து திரும்பப் பூட்டினாலும் உறிஞ்சு பலத்தைக் காட்டும் கேஜ் முள் பழைய இடத்திலேயே நிற்கும். பெரும்பாலும் பம்பில் பிழை இருக்காது. எங்கோ காற்று உள்ளே புகுந்துகொண்டிருக்கும், அல்லது எங்கோ வழி அடைத்திருக்கும். இரண்டில் எது என்று உறுதிப்படுத்தாமல் ஸ்பனரைத் தொடாதீர்கள். கண்டுபிடிக்க ஒரு நல்ல கேஜ், ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீர், அரை மணி நேரம் போதும்.

இங்கே சொல்வது பிளேட் வகைப் பம்ப், அதாவது சுற்றும் ரோட்டரின் பள்ளங்களில் நழுவும் தகடுகளால் காற்றை எடுக்கும் பம்ப், பூட்டிய வண்டிகளுக்கு. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் ஓடும் பவுசர்களில் பெரும்பாலும் இருப்பது அந்த வகைதான்.

முதலில் காற்று போகும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உச்சியில், தொட்டி நிறைந்தால் மிதந்து வழியை மூடும் பந்து வால்வ் இருக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாக, காற்றோடு வரும் ஈரத்தைப் பிடிக்கும் ட்ராப், பிறகு உறிஞ்சவா தள்ளவா என்று கைபிடியால் திருப்பும் நாலு வழி வால்வ், அதன் பின் பம்ப், கடைசியில் ஒயில் பிடிக்கும் சைலன்சர். கழிவு பம்புக்குள் வருவதே இல்லை, வரவும் கூடாது. பம்ப் தொட்டியிலிருந்து காற்றை மட்டும் எடுக்கிறது. குழியின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுத்தான் கழிவை ஹோஸ் வழியே தொட்டிக்குள் தள்ளுகிறது.

உயிர் சம்பந்தப்பட்ட சில விஷயங்கள்

தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ எந்தக் காரணத்துக்காகவும் தலையை விடாதீர்கள், இறங்காதீர்கள். அழுகிய முட்டை மணம் தரும் ஹைட்ரஜன் சல்பைட் அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். மணம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. மயங்கி விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவதால்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சாகிறார்கள். வெளியே நின்றபடி ஆம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புப் படைக்கு 110 அழையுங்கள். மீதேனும் இருக்கும் என்பதால் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் அருகில் கூடாது. கழுவி, காற்றோட்டம் கொடுத்து, வாயு இல்லை என்று கருவியால் அளந்து பார்க்காத தொட்டியில் வெல்டிங் பிடிக்கவே கூடாது.

பின் கதவின் கொண்டிகளைத் தளர்த்துமுன் கேஜ் பூச்சியத்தில் நிற்க வேண்டும். அதோடு ஒரு வால்வையும் திறந்து காற்று போகிறதா வருகிறதா என்று பாருங்கள். கேஜ் குழாயில் சேறு அடைத்தால் உள்ளே அழுத்தம் இருக்கும்போதே முள் பூச்சியம் காட்டும். 1 மீற்றர் விட்டமுள்ள கதவில் 0.3 பார் அழுத்தம் இருந்தால்கூட அதைத் தள்ளும் விசை ஏறத்தாழ 2.4 தொன். அப்போது கொண்டியைக் கழற்றினால் கதவுக்கு எதிரே நிற்பவர் தப்ப முடியாது. தொட்டியை ஹைட்ரோலிக்கில் தூக்கி வைத்துக்கொண்டு கீழே வேலை செய்வதாக இருந்தால் முட்டுக்கம்பி போடுங்கள்.

கேஜ் என்ன சொல்கிறது

கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. ஆகவே கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடிய வெக்கியூம் (வெற்றிடம்) அதிகபட்சம் 30 அங்குலப் பாதரசத்துக்குச் சற்றுக் குறைவு. வேலைக்கு 18 முதல் 22 அங்குலம் கிடைத்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. ஜப்பான் ரீகண்டிஷன் வண்டிகளில் கேஜ் மெகாபாஸ்கலில் இருக்கும், −0.068 என்றால் 20 அங்குலம். சென்ரிமீற்றர் பாதரசத்தில் இருந்தால் அதே அளவு 51.

எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பது எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட முக்கியம். 4,000 லீற்றர் வெறும் தொட்டி, நிமிடத்துக்கு 4,000 லீற்றர் காற்று எடுக்கும் பம்ப் என்றால் கணக்குப்படி 20 அங்குலத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். பம்ப் அதில் பாதி அளவென்றால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நடைமுறையில் கொஞ்சம் கூடும். உங்கள் வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது எத்தனை செக்கனில் 15, எத்தனையில் 20 என்று அளந்து கெபின் கதவின் உட்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள். சாரதி மாறினாலும் அந்த எண் வண்டியோடேயே இருக்கும்.

கேஜ் ஏறவே இல்லை என்றால்

சைலன்சர் வாயிலுக்கு அரை மீற்றர் தள்ளிக் கையை நீட்டிக் காற்றைப் பாருங்கள். மூடிய தொட்டியில் காற்று குறையக் குறைய வெளியே வரும் காற்றும் அடங்கிக்கொண்டு போக வேண்டும். சில நிமிடம் கழிந்த பிறகும் தொடக்கத்தைப் போலவே பலமாக வீசினால் பம்ப் வேலை செய்கிறது, எங்கிருந்தோ புதுக்காற்று உள்ளே வருகிறது. மாறாக, வெளியே காற்றே இல்லை, பம்ப் முனகுகிறது, தொட்டிக் கேஜ் பூச்சியம் என்றால் தொட்டிக்கும் பம்புக்கும் இடையே வழி அடைபட்டிருக்கிறது: பந்து மேலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், நாலு வழி வால்வின் கைபிடி பாதியில் நிற்கலாம். வெளியே காற்றும் இல்லை, பம்ப் சுலபமாகச் சுற்றுகிறது, முனகலும் இல்லை என்றால்தான் பிளேட்கள் பள்ளத்தில் ஒட்டிவிட்டன என்று சந்தேகப்படலாம். இந்த ஒரு பரிசோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

கசிவு என்று தெரிந்தால், ட்ராப்பின் அடிக்குழாயை முதலில் பாருங்கள். முதல் நாள் மாலை வடித்துவிட்டு மூட மறப்பது மிகச் சாதாரணம். பிறகு கதவுக் கொண்டிகள், பின் வால்வுகள், ஆள் துளை மூடி. இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதியுங்கள்:

1. என்ஜினை நிறுத்தி, நாலு வழி வால்விலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயைக் கழற்றி, பம்ப் வாயில் தடித்த ரபர் ஷீட்டும் இரும்புத் தகடும் வைத்துப் போல்ட் போட்டு மூடுங்கள். கேஜ் பூட்டுவதற்கு அந்தத் தகட்டில் ஒரு துளை வேண்டும். ஒருபோதும் கையால் மூட வேண்டாம்.
2. பம்பின் தகட்டில் எழுதியுள்ள வேகத்தில் அதிகபட்சம் 20 அல்லது 30 செக்கன் ஓட்டுங்கள். 24 அங்குலத்துக்கு மேல் போனால் பம்புக்கு நற்சான்று கொடுத்துவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.
3. அதே மூடியை அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள்: நாலு வழி வால்வின் மறுபக்கம், பிறகு ட்ராப்புக்கு அப்பால், கடைசியில் முழுத் தொட்டி. எந்த இடத்தில் எண் விழுகிறதோ, அதற்கும் அதற்கு முன் மூடிய இடத்துக்கும் இடைப்பட்ட துண்டில்தான் ஓட்டை.

மூடிய வாயில் பம்பை நெடுநேரம் ஓட்டக் கூடாது. சூட்டை வெளியே கொண்டுபோவது அதனூடாக ஓடும் காற்றுத்தான். காற்று ஓடாதபோது சூடு பம்புக்குள்ளேயே தங்கி பிளேட்டின் விளிம்பைக் கருக்கும். வீதியில் உதவியாள் ஹோஸ் பூட்டும் வரை பம்பை 25 அங்குலத்தில் ஓடவிட்டுக் காத்திருப்பதும் இதே பிழைதான்.

தொட்டியே கசிகிறது என்றால் 20 அங்குலம் ஏற்றி, எல்லாவற்றையும் மூடி, என்ஜினை நிறுத்தி 10 நிமிடம் பாருங்கள். 2 அங்குலத்துக்கு மேல் விழுந்தால் தேட வேண்டும். இடத்தைக் கண்டுபிடிக்கத் தொட்டிக்குள் 0.2 முதல் 0.3 பார் வரை மட்டும் அழுத்தம் ஏற்றி, கதவின் பக்கவாட்டில் நின்று, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசுங்கள். வெல்டிங் தையல், கதவின் அடிப்பாகம், கண்ணாடிச் சாளரத்தின் ரபர் மூன்றையும் விடாதீர்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் பெயின்டுக்கு அடியில் ஊசித்துளைத் துரு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நுரை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

கதவைச் சுற்றியுள்ள ரபர் கஸ்கட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். வெக்கியூமில் வெளிக்காற்று கதவை உள்ளே அழுத்துவதால் தேய்ந்த கஸ்கட்டும் தாங்கும். அழுத்தம் கொடுத்துக் கழிவை வெளியேற்றும்போதுதான் கசியும். ஆகவே "இழுக்கிறதே, கஸ்கட் நல்லதுதான்" என்று முடிவு செய்யாதீர்கள். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக எழும்பினால் நல்லது, கண்ணாடிபோல் இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய கஸ்கட்டில் 15 சென்ரிமீற்றர் துண்டை வெட்டி எடுத்துச் செல்லுங்கள். ஒயில், டீசல் தாங்கும் நைட்ரைல் ரபர் என்று கேட்டு வாங்குங்கள். பள்ளத்தைக் கம்பித் தூரிகையால் துருவில்லாமல் தேய்த்து, ரபரைச் சுற்றளவைவிட நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு நீளமாகச் சரிவாக வெட்டி, மூட்டு கதவின் உச்சியில் வரும்படி பூட்டுங்கள். மூட்டு அடியில் வந்தால் கழிவு எப்போதும் அதன் மேலேயே நிற்கும். கஸ்கட்டும் கதவும் சந்திக்கும் முகத்தில் சிலிக்கன் பூசாதீர்கள். முதல் தடவை திறந்ததும் கிழிந்து, ஒட்டியும் ஒட்டாமலும் நின்று புதிய கசிவைத் தரும். மெல்லிய கிரீஸ் பூச்சுப் போதும். கொண்டிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

நாலு வழி வால்வின் கைபிடி இறுகினால் சுத்தியலால் தட்டுவது வழக்கமாகிவிட்டது. கைபிடி கடைசித் தடுப்புவரை போகாவிட்டால் வெளியே விடவேண்டிய காற்றில் ஒரு பகுதி திரும்ப உள்ளே போகும். கேஜ் 10, 12 என்று பாதியில் நிற்கும். வால்வைக் கழற்றி டீசலில் கழுவி, கீறல் சிறிதென்றால் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் வைத்துச் சுற்றித் தேய்த்து, பேஸ்ட் ஒரு துளிகூட இல்லாமல் கழுவிக் கிரீஸ் போடுங்கள். பேஸ்ட் மிச்சமிருந்தால் பம்புக்குள் போய் அதை அரைத்துவிடும்.

வெக்கியூம் அளவு மீறினால் திறந்து காற்றை உள்ளே விடும் வெக்கியூம் ரிலீஃப் வால்வின் இருக்கையில் தலைமயிர், நூல், துரு ஒட்டினால் மூடாது. கழற்றித் துடைத்தால் சரி. கூடுதலாக இழுக்கட்டும் என்று அதன் ஸ்பிரிங்கை இறுக்குவது ஆபத்து. பம்ப் எரியும், துருப்பிடித்து மெலிந்த தொட்டி உள்நோக்கி நசுங்கும்.

கேஜ் நன்றாக ஏறுகிறது, கழிவு வரவில்லை

இது பம்பின் குற்றமே இல்லை. ஒவ்வொரு அங்குல வெக்கியூமும் தண்ணீரை ஏறத்தாழ 34.5 சென்ரிமீற்றர் தூக்கும். 20 அங்குலம் என்றால் 6.9 மீற்றர், அதுவும் அசையாத சுத்தத் தண்ணீருக்கு. குழியின் நீர்மட்டத்திலிருந்து ஹோஸ் ஏறும் மிக உயர்ந்த இடம் வரை அளந்து பாருங்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளைப் போன்ற இடங்களில் வண்டி வீதியில் நிற்கும், குழியோ வீட்டின் பின்கட்டில் இருக்கும். 30, 40 மீற்றர் ஹோஸ் போட வேண்டி வரும். நீளம் கூடக்கூட உராய்வில் பலம் போகும். முடிந்தால் 4 அங்குல ஹோஸைப் போட்டு, கடைசித் துண்டை மட்டும் 3 அங்குலமாக வையுங்கள். மதிலின் மேலால் தூக்கிப் போடாமல் வாசல் வழியாகக் கொண்டுபோனால் அந்த உயரம் மிச்சம்.

முள் உயரத்தில் அசையாமல் நின்றால் ஹோஸ் அடைபட்டிருக்கிறது, அல்லது நுனி தடித்த சேற்றில் புதைந்திருக்கிறது. துணி, நப்கின், கல் எதுவாகவும் இருக்கலாம். நுனியைக் கொஞ்சம் உயர்த்திக் கழிவோடு காற்றும் கலந்து போகவிட்டால் தடித்த சேறு நகரும். காய்ந்து இறுகிய குழியென்றால் தண்ணீர் ஊற்றி நீண்ட கம்பால் கலக்குங்கள். பழைய ஹோஸில் உள்படலம் உரிந்து வெக்கியூமில் மட்டும் மடிந்து அடைப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே இருக்கும். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும்.

முள் விழுந்து விழுந்து ஏறினால் ஹோஸில் காற்று புகுகிறது. சீறும் சத்தத்தைக் கேட்டபடி முழு நீளமும் நடந்து போங்கள். கப்ளிங் வோஷர் தேய்ந்திருந்தால் மாற்ற 2 நிமிடம். ஹோஸில் கீறல் என்றால் அந்த இடத்தைத் துடைத்து, டயர் டியூப் ரபரை 5 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். வெக்கியூமே அதை உள்ளே இழுத்து ஒட்டவைக்கும். ஆனால் அழுத்தத்தில் தாங்காது. அன்று அந்த ஹோஸால் தள்ளி வெளியேற்ற வேண்டாம்.

மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழையில் கொலன்னாவை, வத்தளை போன்ற தாழ்ந்த பகுதிகளில் நிலத்தடி நீர் உயர்ந்து குழிக்குள் ஊறும். எவ்வளவு எடுத்தாலும் மட்டம் இறங்காது. வீட்டுக்காரர் பவுசர் சரியில்லை என்பார். தொட்டி நிறைகிறதா என்று கண்ணாடிச் சாளரத்தைக் காட்டி விளக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது பைபர்கிளாஸ் செப்டிக் டேங்க் என்றால் அந்தக் காலத்தில் முழுவதும் வெறுமையாக்கக் கூடாது. சுற்றியுள்ள நீர் அதை நிலத்திலிருந்து மேலே மிதக்கவைத்துக் குழாய்களை உடைத்துவிடும்.

பம்புக்குள் கழிவு போய்விட்டால்

உடனே பி.டி.ஓ.வை (என்ஜின் பலத்தைப் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பை) விடுவியுங்கள். "கராஜ் வரை ஓட்டிப் பார்ப்போம்" என்று திரும்பப் போடாதீர்கள். ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் ரோட்டர் பள்ளங்களில் துரு ஏறி பிளேட்கள் பிடித்துவிடும். அன்றே கழுவ வேண்டும். ட்ராப், சைலன்சர், பம்பின் அடிப்பகுதி எல்லாவற்றையும் ஒரு வாளியில் வடியுங்கள். பம்ப் ஆறியதும் உறிஞ்சு வாயில் டீசல் ஊற்றி ரோட்டரைக் கையால் சுற்றி வடியுங்கள். வடிவது சுத்தமாகும் வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு 200 மில்லிலீற்றர் அளவு டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டி, திரும்ப வடித்து, கடைசியில் 100 மில்லிலீற்றர் பம்ப் ஒயில் விட்டுச் சில செக்கன் சுற்றவிடுங்கள். சூடான பம்பில் டீசல் ஊற்றுவது நெருப்பை அழைப்பதுதான். பெற்றோல், தின்னர் எதற்கும் ஆகாது. கழுவிய எண்ணெயை வடிகானில் ஊற்றாமல் கழிவு ஒயில் பீப்பாயில் சேருங்கள்.

அதன் பிறகு காரணத்தைத் தேடுங்கள். உச்சியிலுள்ள பந்தைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கிறதா? கேட்டால் பந்தில் ஓட்டை. அது இனி மிதக்காது. பந்து நல்லதென்றால் அது உட்காரும் ரபரையும் கூட்டின் கம்பிகளையும் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் தொட்டியை அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறார்கள், அல்லது நுரை ஏறியிருக்கிறது.

இதே டீசல் கழுவலை, சிறிய அளவில், வாரம் ஒரு தடவை செய்தால் பிளேட் ஒட்டும் பிரச்சினை பெரும்பாலும் வராது. ஒயில் விடயத்தில் சிக்கனம் வேண்டாம். என்ஜினிலிருந்து வடித்த கறுத்த ஒயிலைப் பம்புக்கு ஊற்றும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அதிலுள்ள கரி பள்ளங்களை அடைத்துப் பிசினாக்கும். பம்ப் கையேட்டில் சொன்ன தடிப்பில் புதிய ஒயில் ஊற்றுங்கள். கண்ணாடிக் குமிழில் துளி விழுவதைத் தினமும் பாருங்கள்.

பம்பைத் திறக்கத்தான் வேண்டுமென்றால்

கழற்றுமுன் மூடிக்கும் உடலுக்கும் சென்டர் பஞ்சால் அடையாளம் போடுங்கள். மூடியின் கஸ்கட் தடிப்பை அளந்து எழுதுங்கள். ரோட்டரின் பக்க இடைவெளியைத் தீர்மானிப்பது அந்தக் காகிதத் தடிப்புத்தான். தடித்ததைப் போட்டால் வெக்கியூம் குறையும், மெல்லியதைப் போட்டால் சூடேறியதும் ரோட்டர் மூடியில் உரசும்.

பிளேட்டைப் பள்ளத்தின் அடிவரை தள்ளுங்கள். அதன் விளிம்பு ரோட்டர் முகத்துக்கு 6 மில்லிமீற்றருக்கு மேல் கீழே போனால் மாற்றும் காலம். ஒன்று கெட்டாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். உள்ளூரில் வெட்டித் தருபவர்களிடம் துணி அடுக்கிய, சூடு தாங்கும் பைபர் ஷீட்டா என்று கேளுங்கள். சாதாரண பேக்லைட் சில்லுச் சில்லாக உடையும். உடலின் உட்சுவரில் விரலை ஓட்டும்போது அலை அலையாகத் தட்டுப்பட்டால் புது பிளேட்டும் கடகடக்கும். லேத்தில் கொடுத்து உட்சுவரைச் சீராக்காமல் பூட்டுவதில் பயனில்லை.

பூட்டியபின் சுற்றும் திசையை அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். முதல் அரை மணி நேரம் 10 அங்குலத்துக்கு மேல் ஏற்றாமல், ஒயில் துளியைக் கொஞ்சம் கூட்டி ஓட்டுங்கள்.

இயக்கும் பக்கம் எளிது. பி.டி.ஓ. போடும்போது அரைபட்டால் கிளட்சை மிதித்து 5 செக்கன் பொறுத்துப் போடுங்கள். காற்றால் இயங்கும் வகையென்றால் பிரேக் டேங்கில் காற்று போதுமா என்று பாருங்கள். ஷாஃப்ட் ஜொயின்ட்டுக்கு வாரம் ஒரு தடவை கிரீஸ். பெல்ட் வண்டியென்றால் பெல்ட் ஓடும் இரு கப்பிகளுக்கு நடுவே அழுத்தினால், இடைவெளி அரை மீற்றருக்கு 8 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். மாற்றும்போது செட்டாக மாற்றுங்கள்.

வண்டியில் எப்போதும் வைத்திருக்க வேண்டியவை: ஒவ்வொரு அளவிலும் 4 கப்ளிங் வோஷர், ஹோஸ் கிளிப், டியூப் ரபர், பம்ப் ஒயில் 2 லீற்றர், டீசல் 1 லீற்றர், துளையிட்ட மூடித் தகடு, சரியென்று தெரிந்த ஒரு கேஜ், பந்து வால்வுக்கு ஒரு ரபர், தடித்த கையுறை இரண்டு சோடி, கைகழுவத் தனிக் கேனில் சுத்தத் தண்ணீரும் சவர்க்காரமும்.